சுடுதல் வேறு, எரித்தல் வேறு



வன்னி என்ற சொல்லுக்கு நெருப்பு என்றொரு பொருள் உண்டு. வன்னி என்ற பெயரில் ஒரு மரமும் உண்டு. விசயதசமியன்று கோயில்களில் நடக்கும் வன்னி வாழை வெட்டில் அந்த மரத்தின் பெயரை இன்றும் கேட்கிறோம். எங்கள் நிலத்துக்கு இப்பெயர் எதனால் வந்தது என்ற நெடிய வாதத்துக்குள் நான் இப்போது நுழையவில்லை. அதற்கு வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மரமும் நெருப்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன என்பது மட்டுமே எனக்கு இன்று வேண்டியது. ஏனென்றால் நான் பேச வந்திருப்பது, மரத்தின்மேல் சூட்டால் எழுதுகின்ற, சூட்டால் சித்திரம் தீட்டுகின்ற கலையைப் பற்றி. அதிலும், அதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன்.

மேல்நாட்டார் இதைப் பைரோகிராபி என்கிறார்கள். கிரேக்கத்தில் பைர் என்றால் தீ, கிராபி என்றால் எழுத்து. தீயெழுத்து என்று அப்படியே தமிழாக்கலாம். ஆனால் சூட்டோவியம் என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். தீ என்றவுடன் சுவாலைதான் கண்முன் வருகிறது. இந்தக் கலையிலோ சுவாலைக்கு இடமே இல்லை. சுவாலை எழுந்தால் அன்றைய வேலை கெட்டுவிட்டது என்று பொருள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். சித்திரம் எனக்குரிய பாடமன்று. இதற்குள் என்னை இழுத்து வந்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். விடுமுறை நாட்களில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்பவன். தமிழ்மொழித் தினத்துக்கென்று ஒரு பலகையில், ஈயம் பற்றவைக்கும் மின்கோலால் ‘தமிழ் மன்றம்’ என்று சுட்டு எடுத்து வந்தான். தகரம் கருமையாக இருந்தது. மிகரம் தேன்நிறம். ழகரம் அடிவளைவில் குழி விழுந்து கரிந்து போயிருந்தது. “சேர், கோல் ஒன்று, சூடும் ஒன்று. ஏன் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு நிறமாய் வருகுது?” என்று கேட்டான். எனக்கு அது நல்ல இலக்கணக் கேள்வியாகவே பட்டது. ஒரே விகுதி, சேருமிடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறதல்லவா, அதுபோல. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். நானும் அவர்களோடு ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

அவனுடைய கேள்விக்கான விடை எங்கள் வினைச்சொற்களிலேயே கிடக்கிறது. வாழையிலையை அனலில் காட்டினால் அது வாட்டுதல். அதற்கு மேலே வெதுப்புதல். எங்கள் ஊர்களில் பாண் கடைகளுக்கு வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை எழுதியவர்கள் அந்தச் சொல்லை அகராதியிலிருந்து மீட்டு எடுத்தார்கள். அடுத்தது சுடுதல்; அப்பமும் தோசையும் சுடுகிறோம், அப்பத்தை எரித்தேன் என்று எவரும் பெருமையாகச் சொல்வதில்லை. பிறகு கருக்குதல். பிறகு தீய்த்தல். கடைசியிலேதான் எரித்தல். (வன்னியிலே சூடு வைத்தல் என்றால் வேறொன்றும் உண்டு: அரிந்த நெற்கதிரைக் குவித்து வைப்பது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், ‘அப்பா சூடு வைக்கப் போய்விட்டார்’ என்று பிள்ளை சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்ட கதை எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் உலாவுகிறது.)

மரமும் இந்த வினைகளின் வரிசையில்தான் நிறம் மாறுகிறது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசைத் தாண்டும்போது அதன் முகம் மஞ்சளாகி மண்ணிறமாகத் தொடங்கும். 300 பாகையை அண்மித்தால் கரியாகும். அதற்கும் மேலே, காற்றும் கிடைத்தால், பற்றிக்கொள்ளும். சூட்டோவியக்காரனுக்குரிய வண்ணப்பெட்டி முழுவதும் வெதுப்புதலுக்கும் கருக்குதலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய இடைவெளிக்குள் இருக்கிறது. மாணவனின் மின்கோல் ஒரே சூட்டில்தான் இருந்தது. கை நின்ற நேரந்தான் வேறு. தெரிந்த எழுத்தைக் கை விரைவாகக் கடந்தது. ழகரத்தின் சுழியில் எப்படித் திரும்புவது என்று யோசித்து நின்றது. யோசித்த இடமெல்லாம் கரி.

இந்த நுட்பத்தை நான் முதலில் கண்டது மரத்திலே அன்று, மாட்டிலே. சிறுவயதில் ஊரில் குறிசுடுகின்ற நாளைப் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் மேயவிடும் பட்டி மாடுகள் இவை. வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் யாருடைய மாடு என்று சொல்ல, தோலில் சுட்ட எழுத்தன்றி வேறு சான்று இல்லை. உரிமையாளரின் பெயரெழுத்தையோ அடையாளத்தையோ கொல்லர் இரும்பில் வளைத்துக் கொடுப்பார். மாட்டுக்கு அது வேதனைதான், அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காதிலே இலக்கத் தகடு குத்தும் முறை வந்தது நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் குறிசுட்ட முதியவர்களின் ஓர் அறிவு மறக்கக்கூடாதது: நெருப்பிலிருந்து எடுத்த கோல் செக்கச் செவேலென்று இருந்தால் அவர்கள் வைக்கமாட்டார்கள். சிவப்பு அடங்கி, சாம்பல் நிறத்துக்கு வரும்வரை பொறுப்பார்கள். சிவந்த கோல் தோலைக் கடந்து தசைக்குள் இறங்கிவிடும், எழுத்தும் பிசகும். பார்த்தால் தணிந்ததுபோலத் தோன்றும் கோலே தெளிவாக எழுதும்.

2009 இன் பின்னர், முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் காட்டோரங்களில் ஆளற்றுத் திரிந்த மாடுகளுக்குள்ளே தங்கள் குறியைத் தேடி அலைந்தார்கள். எங்கள் அயலில் ஒருவர், வீட்டின் அத்திவாரத்தைத் தவிர எல்லாவற்றையும் இழந்தவர், ஒரு பசுவின் பின்தொடையில் தன் தகப்பனின் பெயரெழுத்தைக் கண்டுபிடித்தார். உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் போன இடத்தில் அந்த ஓரெழுத்து நின்றது. சூட்டால் எழுதியது எளிதில் அழியாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

மாடு மேய்ப்பவனும் தீயும் மரமும் சேர்ந்து வருகின்ற பழைய இடமொன்று பத்துப்பாட்டிலே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்து இடையன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அந்தக் கொள்ளியாலேயே குழலுக்குத் துளையிடுகிறான். துளை கருமையாக இருக்கிறது என்பதைப் புலவர் கவனித்துச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கருமைதான். கருவியின் அடையாளத்தை அது செய்த பொருளிலேயே கண்டிருக்கிறார். அதே இடையன், குழல் சலித்தபோது, குமிழ மரத்தின் கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்கிறான். இன்றும் மூங்கிலில் குழல் செய்வோர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிடுவதுண்டு. துறப்பணத்தால் துளைத்தால் மூங்கில் நார் பிளக்க வாய்ப்பு அதிகம். முல்லை என்ற பெயரை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கலையை இறக்குமதிச் சரக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இது எங்களுக்கு மட்டும் உரியதுமன்று. பெரு நாட்டின் கடற்கரையில் உவாக்கா பிரியெத்தா என்னுமிடத்தில் 1946 – 47 இல் யூனியசு பேர்ட் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது, தீயால் கோலமிட்ட சுரைக்குடுவைகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. ஐரோப்பாவில் அடுப்பைக் கிளறுகின்ற இரும்புக்கோலால் படம் வரைந்தார்கள். 1870களில் பிரான்சிலே பக்லான் என்ற மருத்துவர், காயத்தைச் சுட்டு இரத்தத்தை நிறுத்துவதற்காக, எரிபொருள் ஆவியால் சூடாறாதிருக்கும் பிளாற்றின முனைக் கருவி ஒன்றை ஆக்கினார். ஓவியர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சித்த வைத்தியத்திலும் சுட்டிகை உண்டு. அந்தக் கோலை எவரும் மரத்தின்பக்கம் திருப்பினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனித் தொடங்குகிறவருக்கு வருவோம். கருவிக்காகப் பணத்தைக் கரைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரமே இல்லை. நாங்கள் சிரட்டைக்கரியில் ஆணியைக் காய்ச்சித் துடுப்பாட்ட மட்டையில் பெயர் சுட்டோம். ஓர் ஆணி இரண்டெழுத்துக்குள் ஆறிவிடும். மூன்று ஆணிகளைச் சுற்றுமுறையில் காய்ச்ச வேண்டும். அதுவும் ஒரு பள்ளிக்கூடந்தான். இன்று 30 அல்லது 40 வாற்று மின்கோல் போதும். ஆனால் அது புதியதாக, ஈயம் தொடாததாக இருக்க வேண்டும். ஈயம் பற்றவைத்த பழைய முனையை மரத்தில் வைத்தால், எழுகின்ற புகையோடு ஈயமும் வரக்கூடும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்து வேண்டாம். முனையை நனைத்த பஞ்சில் அடிக்கடி துடைத்துக் கரியை நீக்குங்கள். கோலுக்குக் கம்பியால் ஒரு தாங்கி செய்யுங்கள். மேசையில் வெறுமனே கிடத்திய கோல் எத்தனை மேசைவிரிப்புகளைத் தின்றிருக்கிறது என்பது எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குத் தெரியும். கதவு யன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் மின்விசிறியின் காற்று முனையில் படக்கூடாது. பட்டால் சூடு குறைந்து கோடு வெளிறும். முகக்கவசம் அணியுங்கள். தமிழ்நாட்டில் சிலர் மின்சாரமே இல்லாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்து உருவப்படம் சுடுகிறார்கள். வன்னி வெயிலுக்கு அது கைகூடாதிருக்க நியாயமில்லை. ஆனால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குக் கேடு.

மரத்தின் சங்கதி நீளமானது. எங்கள் காடு தருகின்ற பெருமைக்குரிய மரங்கள் எவையும் தொடங்குகிறவருக்கு உதவா. கருங்காலியில் சுட்டால் கறுப்பிலே கறுப்பு. பாலை இரும்பு மாதிரி, நிறமும் கடுஞ்சிவப்பு. முதிரை வெளிர்மஞ்சளாய்ப் பளபளத்து ‘என்மேல் எழுது’ என்று கூப்பிடும்; ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும். தச்சர்கள் இதை நன்றாக அறிவார்கள். பனையை விரும்பாத வடபுலத்தான் இல்லை, நானும் விரும்புகிறேன். ஆனால் பனஞ்சிலாகையில் கருமையான வைர நாரும் மென்மையான சோற்றியும் மாறி மாறி வருவதால், கோல் ஒன்றில் வழுக்கி மற்றொன்றில் புதைந்துவிடும். தொடங்குவதற்கு வெளிர்நிறமும் இலேசும் ஒரேசீரான நாரும் உள்ள பலகை வேண்டும். மாம்பலகை நல்லது. மலைவேம்பு நல்லது. சங்கத்து இடையன் எடுத்த குமிழ மரத்தின் பெரிய இனம் கிடைத்தால் மிகவும் நல்லது. மரக்காலையில் கழிவுத் துண்டு கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிப் பலகைகளில் முத்திரையைப் பாருங்கள்: எச்.ரி. என்றிருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம், எம்.பி. என்றிருந்தால் நச்சுவாயு ஊட்டியது, விட்டுவிடுங்கள். வர்ணம் பூசியது, பசையால் ஒட்டிய தூள்பலகை, பூச்சிமருந்து ஏற்றியது ஆகிய எதையும் சுடக்கூடாது. காட்டு மரத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தறிப்பதும் ஏற்றுவதும் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் முதல்நாளே சொல்லிவிடுவேன். உள்ளங்கையகலத் துண்டுக்காக ஒரு மரமும் விழத் தேவையில்லை.

இன்னொன்று. போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் இரும்புச் சன்னங்கள் இருக்கின்றன. அரியும்போது வாளின் பல் முறிவதுண்டு. சன்னத்தைச் சுற்றி மரத்தில் நீலக்கருமையான கறை படர்ந்திருக்கும். அப்படியொரு துண்டு எங்கள் வகுப்புக்கு வந்தது. ஒரு பிள்ளை அதன்மேல் ஒன்றும் சுடவில்லை. தேய்த்து மெருகிட்டு அப்படியே வைத்துக்கொண்டாள்.

பலகையை 120 இலக்க அரத்தாளாலும் பின்னர் 220 இலக்கத்தாலும் நாரின் போக்கிலேயே தேய்த்து, தூளைத் துடையுங்கள். எழுத்தைப் பென்சிலால் மெல்லியதாக வரையுங்கள். எங்கிருந்து தொடங்குவது? அகரத்திலிருந்து என்று நீங்கள் சொல்வீர்கள். ஏடு தொடக்கும்போது அது சரி. இங்கே நான் தொடங்குவது புள்ளியிலிருந்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியர் சொல்லியிருந்தும், ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியைக் காணமாட்டோம். எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபட்டுவிடும் என்பார்கள். எத்தனையோ பதிப்பாசிரியர்கள் எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். சூட்டெழுத்தில் நிலைமை தலைகீழ்: முதலில் கைக்கு வருவது புள்ளிதான். முனையை வைத்து ‘ஒன்று’ என்று எண்ணி எடுங்கள், அடுத்ததை ‘ஒன்று, இரண்டு’ என்று, அடுத்ததை மூன்றுவரை. ஒரு வரிசையில் பத்துப் புள்ளிகள். இளமஞ்சளிலிருந்து கருமைவரை உங்கள் பலகைக்குரிய நிறவரிசை கிடைத்துவிடும். மரம் மாறினால் வரிசையும் மாறும். ஆதலால் ஒவ்வொரு புதுப் பலகையின் ஓரத்திலும் இதைச் செய்துவிட்டே நடுவுக்குப் போங்கள்.

புள்ளிக்குப் பிறகு டகரம். அதில் ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும் மட்டுமே உண்டு. பலகையின் நார் கிடையாக ஓடினால், கிடைக்கோட்டில் கோல் நாரோடு சேர்ந்து ஓடப்பார்க்கும். நிலைக்கோட்டில் ஒவ்வொரு நாராகத் தடுக்கும். ஓரெழுத்துக்குள் இரண்டு பாடமும் இருக்கின்றன. அடுத்து பகரம், பிறகு மகரம், கடைசியாகவே ழகரமும் ணகரமும் ஞகரமும். அழுத்த வேண்டாம், கோலின் பாரமே போதும். கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கருங்குமிழ் விழுவதுதான் எல்லோருக்கும் வருகின்ற முதல் நோய். கை அசைந்துகொண்டிருக்கும்போதே முனை பலகையைத் தொடவும், அசைந்துகொண்டே விலகவும் வேண்டும், குளத்தில் நாரை இறங்கி எழுவதுபோல. சுழியில் நிற்கப் பயமென்றால் பலகையைத் திருப்புங்கள், கையைத் திருப்பாதீர்கள். ஓலையில் எழுதியவர்களும் பெரும்பாலும் எழுத்தாணியை நிலையாகப் பிடித்து ஓலையையே நகர்த்தினார்கள்.

பள்ளிக் கண்காட்சியொன்றில் பிள்ளைகளின் பலகைகளை வைத்திருந்தோம். மாணவி ஒருத்தியின் அம்மம்மா, வெள்ளைச் சேலையோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். சுட்ட மரத்தின் மணம் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். “எரிஞ்சது காணாதே தம்பி? இன்னும் ஏன் பிள்ளையளிட்ட நெருப்பைக் குடுக்கிறியள்?” என்றார். நான் ஆசிரியன், பதிலில்லாமல் நிற்கின்ற பழக்கம் எனக்குக் குறைவு. ஆனால் அன்று வாயெடுக்கவில்லை. அவரது கேள்வி நியாயமானது. நெருப்பின் கடைசி வினைச்சொல்லை மட்டுமே கண்ட தலைமுறை அது. பேத்தி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் பலகையைக் காட்டினாள். அதில் இருந்தது ஒரு வெற்றிலைத்தட்டமும் பாக்குவெட்டியும். நிழல் முழுவதையும் புள்ளிகளாலேயே செய்திருந்தாள். கருமையை ஓரிடத்திலும் தொடவில்லை. அம்மம்மா விரலால் அதைத் தடவிப் பார்த்தார். “இது தீயேல்லை, வாட்டித்தான் இருக்கு” என்றார். எங்கள் வகுப்பில் நான் மாதக்கணக்காக விளக்கிய வேறுபாட்டை அவர் விரல் ஒரு கணத்தில் சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியை அவர் மீளப்பெற்றாரா என்றால், இல்லை. போகும்போது, “கவனமாய்ப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று மட்டும் சொல்லிச் சென்றார். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கோலைக் கொடுப்பதில்லை என்ற எங்கள் விதி அந்த வாரந்தான் வந்தது.

இதைத் தொழிலாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுப்பெயர், நினைவுப்பலகை, கலியாணப் பரிசு என்று ஓரளவு கேள்வி இருக்கிறது. ஆனால் அச்சு எழுத்தைக் கணினியிலிருந்து எடுத்து அப்படியே படியெடுத்துச் சுடுகின்ற பலகைகள் இப்போது பெருகிவிட்டன. இயந்திர ஒளிக்கதிர் அதை மனிதக் கையைவிட ஒழுங்காகவும் மலிவாகவும் செய்கிறது. அதனோடு போட்டியிட்டு வெல்ல முடியாது. கையால் சுடுகிறவர் தன் கையெழுத்தைச் சுடட்டும். ஒரு குடும்பத்தார் இறந்துபோன தகப்பனின் கடிதத்தைக் கொண்டுவந்து, அதிலுள்ள அவரது கையொப்பத்தைச் சுட்டுத் தரும்படி எங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். அந்த ஒப்பத்தில் ககரத்தின் கால் நடுங்கியிருந்தது. அந்த நடுக்கத்தையும் சேர்த்துச் சுட்டார்கள்.

முடித்த பலகையை நேர்வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். கரி நிற்கும், ஆனால் நீங்கள் அரும்பாடுபட்டு எடுத்த இளமண்ணிறம் வெயிலில் வெளிறிவிடும், மரமும் தன்பாட்டில் கருக்கும். பின்புறத்தில் மரத்தின் பெயரையும், கிடைத்த இடத்தையும், சுட்ட நாளையும் எழுதி வையுங்கள், பென்சிலாலே போதும். நாளைக்கே ஒரு துண்டு மாம்பலகை தேடுங்கள். முதற் கிழமைக்குப் புள்ளி மட்டும்.